எரிந்தால் வேலை செய்கிறது

ஜனவரி 12

அன்புள்ள கடுகுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணன் மட்டும் பஸ் ஓட்டி ஓட்டி முதுகு பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தால் எழுந்திருக்க அரை மணி, எழுந்தால் உட்கார அரை மணி என்று இருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் நலமா? உன் பெண் வாலு காலேஜ் விடுதிச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டாளா?

இதோடு ஒரு பார்சல் வரும். பிரித்ததும் "அண்ணிக்கு என்ன கிறுக்கா?" என்பாய். அதில் இருப்பதெல்லாம் நான் விற்கிற சாமான். ஆமாம், நான்தான் விற்கிறேன். மூன்று மாதமாக ஓர் அழகுசாதனக் கம்பெனியில் இருக்கிறேன். கடை கிடையாது, விளம்பரம் கிடையாது. நாமே வீடு வீடாகப் போய், பேசி, கையில் தடவிக் காட்டி விற்கவேண்டும். நமக்குக் கீழே ஆள் சேர்த்தால் அவர்கள் விற்பதிலும் நமக்குப் பங்கு. எனக்கு மேலே ஒரு மேடம். எனக்குக் கீழே இதுவரை ஏழு பேர்.

"வீட்டுக்குள்ளயே வாயத் திறக்க மாட்டே, ஊரார் வீட்டுல போய் என்னத்தப் பேசுவே?" என்று உன் அண்ணன் கேட்டார். முதல் வீட்டில் பேசவில்லைதான். மணியை அழுத்திவிட்டு மாடிப்படிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இரண்டாவது வீட்டில் ஒரு தையல்காரம்மா கதவைத் திறந்து, "நீங்க எதிர் மாடிதானே? உள்ள வாங்க" என்றார். ஒன்றேகால் மணி நேரம் பேசினேன் கடுகு! வெளியே வரும்போது பையில் மூன்று சாமான் குறைந்திருந்தது. எனக்கு ஒரு சாண் உயரம் கூடியிருந்தது.

ஆய்வகத்தில் மருந்தும் அமிலமும் பட்டு உன் கை வெடித்திருக்குமே, அதற்கு அந்த நீளப் பாட்டில். வெள்ளை டப்பா ராத்திரி க்ரீம், வாலுவுக்கு. பருத் தழும்பெல்லாம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இதுதான் கம்பெனியில் அதிகம் போகிற சரக்கு.

ஒரு படிவமும் வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்பு, எனக்குக் கீழே சேர்ந்துவிடு. உங்கள் ஆய்வகத்தில்தான் எத்தனை பெண்கள்!

பதிலை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,
அண்ணி

---

ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். வாலு நேற்று வந்து போனாள். விடுதிச் சாப்பாட்டைத் திட்டுகிற தெம்பு இருக்கிறது, அதனால் நன்றாகத்தான் இருக்கிறாள்.

இனி என் சண்டை. எங்கள் நலத்துக்கு இரண்டு வரி, மீதி எல்லாம் கம்பெனி. சரி, புது உற்சாகம் என்று விட்டுவிடலாம். அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் "உங்களுக்குத் தெரிந்த நூறு பேரின் பெயர்களை எழுதுங்கள், நெருக்கமானவர்களிலிருந்து தொடங்குங்கள்" என்று அச்சடித்திருக்கிறதே, அதைப் படித்தீர்களா? உங்கள் நூறு பேரில் முதல் பெயர் நானா? எனக்கு டைபாய்டு வந்தபோது இருபது நாள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவர் நீங்கள். அப்போது நான் நாத்தனார். இப்போது வாடிக்கையா?

எவனோ ஒருவன் குளுகுளு அறையில் உட்கார்ந்துகொண்டு, "உன் சொந்தக்காரர்களை வரிசையாக எழுது" என்கிறான். கூச்சமே இல்லாமல் கேட்கிறான் பாருங்கள்! கடைக்கு வாடகை வேண்டாம், விளம்பரத்துக்குக் காசு வேண்டாம், அண்ணியின் பாசம் போதும் அவனுக்கு.

நியாயமாகச் சொல்கிறேன், கை லோஷன் நன்றாக இருக்கிறது. வெடிப்பு பாதி மூடிவிட்டது. வெள்ளை டப்பாவை வாலு பறித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

விற்பனைக்காரி ஆனபின் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்கவேண்டும். ஒரு போட்டோ அனுப்புங்கள். அண்ணனின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அதையும் அவருக்கு விற்றுவிடாமல்.

கோபமாக, ஆனால் உங்கள்,
கடுகு

---

பிப்ரவரி 20

அன்புள்ள கடுகுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். ஒத்தடத்தில் முதுகு பரவாயில்லை.

ஆமாம், முதல் பெயர் நீதான். நெருக்கமானவர்களை எழுது என்றார்கள், எழுதினேன். வேறு யாரை எழுதுவேன்?

நீ தினமும் காலையில் ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறாய். அதில் உன் பெயர் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக நான் யார் சொல்? பஸ் டிரைவர் சம்சாரம். எதிர் மாடி. இந்தத் தெருவில் என் பெயர் தெரிந்தது கேஸ் சிலிண்டர்க்காரனுக்கு மட்டும்தான், அதுவும் ரசீதில் எழுத. இன்றைக்கு நான் போனால் பதினாறு பெண்கள் எழுந்து நாற்காலி போடுகிறார்கள். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டேன். போன மாதம் இருநூறு பேர் இருந்த கூடத்தில் மைக் பிடித்துப் பேசினேன். ஆகஸ்டில் ஆண்டுக் கூட்டத்தில் எனக்குப் பதக்கம் உண்டு என்று மேடம் சொல்லியிருக்கிறார். நீ குளுகுளு அறைக்காரனைத் திட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என்னை இந்தச் சமையலறையிலிருந்து வெளியே இழுத்தவன் அவன்தான். என் சொந்தக்காரர்கள் யாரும் இழுக்கவில்லை.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். மாதா மாதம் ஒரு பெட்டி எடுத்தே தீரவேண்டும், விற்றாலும் விற்காவிட்டாலும். கட்டிலுக்கு அடியில் துடைப்பம் நுழையவில்லை. மூன்றாம் மாடிக்காரி என்னைப் படிக்கட்டில் பார்த்தால் மறந்துபோன சாவியை எடுக்கத் திரும்பிவிடுகிறாள். அவளும் நானும் பத்து வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்.

போட்டோ கேட்டிருந்தாய். ஸ்டூடியோவைப் பூட்டிவைத்திருக்கிறான். அப்புறம் பார்க்கலாம்.

வாலு க்ரீம் போடுகிறாளா? கொஞ்சம் போட்டால் போதும் என்று சொல்.

அண்ணி

---

மார்ச் 15

கடுகு,

நலம்தானே? ஓர் அவசர வேலை. வாலுவுக்கு அனுப்பிய வெள்ளை டப்பா பழைய சரக்கு என்று இப்போது தெரிந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிடச் சொல். வேறொன்றும் இல்லை. மற்றவை பிறகு.

அண்ணி

---

மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

கார்டு கிடைத்தது. நாங்கள் நலம்.

ஊராருக்குப் புதுச் சரக்கு, மருமகளுக்குப் பழைய சரக்கா? உங்களைச் சொல்லவில்லை. தேதி கடந்ததை உங்கள் தலையில் கட்டிய கம்பெனியைச் சொல்கிறேன். நீங்கள் முழு விலை கொடுத்துத்தானே எடுத்தீர்கள்? திருப்பி அனுப்பி மாற்றிக் கேளுங்கள். கேட்க மாட்டீர்கள், தெரியும். "மேடம் என்ன நினைப்பாரோ" என்று விட்டுவிடுவீர்கள்.

வாலு அடுத்த மாதக் கடைசியில் தேர்வு முடிந்து வருகிறாள். அப்போது சொல்கிறேன். இதற்காக விடுதிக்குத் தனியாக எழுதினால், "அத்தை மேல இருக்கற கோவத்துல என் க்ரீமைப் பிடுங்கப் பாக்கறே" என்பாள்.

போட்டோ ஏன் வரவில்லை? ஸ்டூடியோக்காரன் இன்னுமா பூட்டை எடுக்கவில்லை?

உங்கள்,
கடுகு

---

ஏப்ரல் 4

அன்புள்ள கடுகுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று தடவை எழுதி மூன்றையும் கிழித்தேன், இது நாலாவது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

போன ஞாயிறு கூட்டம் நடந்தது. எனக்குக் கீழே இருக்கும் டைப்பிஸ்ட் பெண் எழுந்து, "மேடம், ராத்திரி க்ரீம் போட்டா சிலருக்கு எரியுதாமே?" என்று கேட்டாள். மேடம் சிரித்தார். அவர் சிரித்தால் கூடமே சிரிக்கும். "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா. பழைய தோல் போனாத்தானே புதுத் தோல் வரும்?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தப் பெண் முகம் சிவக்க உட்கார்ந்துவிட்டாள்.

வாலுவிடம் மாதக் கடைசி வரை சொல்லாமல் இருக்கவேண்டாம். முடிந்தால் இந்தச் சனிக்கிழமையே விடுதிக்குப் போன் செய்து சொல்லிவிடேன். ஒன்றுமில்லை, சும்மாதான் சொல்கிறேன். பழைய சரக்கு, அவ்வளவுதான்.

அண்ணி

---

ஏப்ரல் 29

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க இப்போது என்னால் முடியவில்லை.

நேற்று முன்தினம் வாலு வந்தாள். இந்த வெயிலில் கழுத்திலிருந்து மூக்குவரை துணி சுற்றிக்கொண்டு வந்தாள். "தூசி" என்றாள். சாப்பிட உட்கார்ந்தபோது அவிழ்த்துத்தானே ஆகவேண்டும்? இரண்டு கன்னத்திலும் சுட்ட மாதிரி சிவப்பு. அதன் ஓரமெல்லாம் பழுப்புத் திட்டு. நெற்றியில் தோல் உரிந்து தொங்குகிறது. அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மாசமா. மொதல்ல எரிஞ்சுது. டப்பாவோட வந்த காகிதத்துல எரிஞ்சா நல்லதுன்னு போட்டிருந்துச்சும்மா. அதான் இன்னும் கொஞ்சம் கூடப் போட்டேன்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லலே?"

"அத்தை குடுத்தது. அத்தை தப்பா குடுப்பாங்களா?"

தோல் டாக்டர் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "இந்த வருஷம் எனக்கு இது ஆறாவது டப்பா" என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினேன். கொஞ்சம் போட்டால் போதும். பழைய சரக்கு. சனிக்கிழமையே சொல்லிவிடு, ஒன்றுமில்லை, சும்மாதான். ஒன்றுமில்லாததற்கு யாராவது மூன்று கடிதம் எழுதுவார்களா? என்னிடம் "இது தோலைச் சுடும்" என்று மூன்றே வார்த்தை எழுதியிருந்தால் அன்றைக்கே ரயிலேறிப் போய்ப் பிடுங்கி எறிந்திருப்பேன். மார்ச் 15 முதல் இன்றுவரை ஆறு வாரம் அண்ணி! சனிக்கிழமை போன் செய்யாதது என் புத்தி. ஆனால் அப்படி என்னை மெத்தனமாக உட்காரவைத்தது உங்கள் "சும்மாதான்".

உங்களுக்கு என்ன தெரியும்? எப்போதிலிருந்து தெரியும்? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

கடுகு

---

மே 6

கடுகு,

கேட்டாய், சொல்கிறேன்.

பிப்ரவரி முதல் வாரத்திலேயே என் முகம் போய்விட்டது. முதலில் கன்ன எலும்பின் மேல் எரிச்சல், பிறகு சிவப்பு, பிறகு வாலுவைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதே பழுப்பு. ஸ்டூடியோ திறந்துதான் இருந்தது.

மேடமிடம் காட்டினேன். "நீங்க வெயில்ல அலையறீங்க, சாப்பாட்டுல எண்ணெய் ஜாஸ்தி. வேற யாருக்கும் இப்படி ஆகலையே. வெளிய சொல்லாதீங்க, உங்க முகம்தான் உங்க விளம்பரம்" என்றார். திட்டை மறைக்க ஒரு பவுடர் எடுத்துத் தந்தார். சும்மா இல்லை, பட்டியல் விலைக்கு.

தினமும் உன் அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்னால் எழுந்து பவுடர் பூசிக்கொள்வேன். மார்ச்சில் ஒரு நாள் அவர் மறந்துபோன லைசென்ஸை எடுக்கத் திரும்பி வந்தார். நான் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். வாசல்படியிலேயே நின்றுவிட்டார். "யாரு அடிச்சா?" என்றார். அப்படித்தான் இருந்தது என் முகம். வெயில் என்று சொன்னேன். அவர் போனதும் உனக்கு அந்தக் கார்டை எழுதினேன்.

உண்மையை ஏன் எழுதவில்லை? எழுதினால் நீ சும்மா இருக்க மாட்டாய், கம்பெனியின் கதவைப் போய்த் தட்டுவாய். பதினாறு பேரும் போய்விடுவார்கள், கூடம் போய்விடும், மைக் போய்விடும், நான் மறுபடியும் எதிர் மாடி ஆகிவிடுவேன். அதற்குப் பயந்தேன். வாலுவின் கன்னம் ஒரு பக்கம், ஒரு தகரப் பதக்கம் ஒரு பக்கம். நான் எதைப் பார்த்தேன் என்று உனக்கு இப்போது தெரியும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மார்ச்சுக்குப் பிறகும் அந்த வெள்ளை டப்பாவை விற்றேன். ஒன்பது டப்பா.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ தரவேண்டியிருக்கும்.

அண்ணி

---

ஜூன் 30

அண்ணிக்கு,

இத்துடன் ஓர் அறிக்கையின் நகல் இருக்கிறது.

வாலுவின் டப்பாவில் மிச்சமிருந்ததை எங்கள் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். "நாம குடிநீர்தானேம்மா சோதிக்கிறோம், இது நம்ம வேலை இல்லையே" என்றார் எங்கள் மூத்த வேதியியலாளர். டப்பாவுக்குப் பக்கத்தில் என் பெண்ணின் போட்டோவை வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பாதரசம். அனுமதித்த அளவைப்போலப் பல ஆயிரம் மடங்கு. மூன்று முறை சோதித்தோம். ஓர் ஆலையின் கழிவுநீரில் இதில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே அன்றைக்கே அந்த ஆலையை இழுத்துப் பூட்டுவார்கள். சாக்கடைக்கு இருக்கும் பாதுகாப்பு என் மகளின் முகத்துக்கு இல்லை.

டப்பாவின் மேல் ரோஜாப்பூ படம் போட்டிருக்கிறது. பாதரசம் என்று எங்கும் போடவில்லை.

ஒரு நகல் சுகாதார அலுவலகத்துக்குப் போய்விட்டது. உங்கள் நகலை என்ன செய்வதென்று நீங்கள் முடிவு செய்யுங்கள். இதற்குப் பதில் தேவையில்லை.

கடுகு

---

ஜூலை 28

கடுகு,

பதில் தேவையில்லை என்றாய். இது பதில் இல்லை, நடந்தது.

உன் அறிக்கை வந்த மறுநாள் காலை சோப்புப் போட்டு முகத்தைக் கழுவினேன். பவுடர் பூசவில்லை. அப்படியே ஸ்கூட்டரை எடுத்தேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பினான். வெறும் முகத்தோடு வெளியே வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

முதலில் தையல்காரம்மா. "என் மூஞ்சியப் பாருங்க. நான் உங்களுக்கு வித்த டப்பாதான் இது. பாதரசம் இருக்காம். எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும்" என்றேன். அவர் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்து மேஜையில் வைத்தார். புடவைத் தலைப்பால் கன்னத்தை அழுத்தித் துடைத்தார். பவுடர் தலைப்போடு வந்தது. அடியில் அதே பழுப்பு.

"எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்" என்றார். "உங்ககிட்ட சொன்னா நீங்க வருத்தப்படுவீங்களேன்னு சொல்லலே."

என் நெஞ்சில் ஓங்கி அறைந்திருக்கலாம் அவர். அது தேவலை.

"எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்." அந்த ஒரு வாரத்தில் இதையே எத்தனை வீட்டில் கேட்டேன் தெரியுமா? எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, வேறு யாருக்கும் ஆகவில்லை, உன் சாப்பாடுதான், உன் வெயில்தான் என்று சொல்லி, ஒருத்தியிடமிருந்து ஒருத்தியை மறைத்துவைத்திருக்கிறார்கள். ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே மாதிரி எரிகிற முகத்தோடு, ஒன்றாகக் கை தட்டியிருக்கிறோம். அதை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு கொதிக்கிறது.

எல்லோரும் அப்படி இல்லை. எனக்குக் கீழே இருந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர், "எனக்கொண்ணும் ஆகலே, என் யாவாரத்தைக் கெடுக்கத்தான் வந்தீங்களா?" என்று கதவைச் சாத்தினார். இன்னொருத்தி மார்ச்சுக்குப் பிறகு என்னிடம் வாங்கியவள். "தெரிஞ்சுமா குடுத்தீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். டப்பாவை என் காலடியில் வீசினாள். குனிந்து எடுத்துக்கொண்டு வந்தேன். விற்ற டப்பாக்களில் முக்கால்வாசி இப்போது என் வீட்டில் ஒரு சாக்கில் இருக்கிறது.

போன திங்கட்கிழமை பதினோரு பேர் சேர்ந்து கம்பெனியின் கிளை அலுவலகத்துக்குப் போனோம். எல்லோரும் கழுவிய முகம். சரக்கு எடுக்க வரும் விற்பனைக்காரிகள் உட்காரும் முன்னறைச் சோபாவில், கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். டை கட்டிய மேனேஜர் பையன் ஓடி வந்தான்.

"உள்ள வாங்க மேடம், ஏசி போட்டு நிதானமாப் பேசலாம்."

"இங்கயே இருக்கோம் தம்பி. இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றேன்.

அறிக்கையைப் படித்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "டப்பாவ நீங்க வெயில்ல வச்சிருப்பீங்க" என்றான்.

தையல்காரம்மா எழுந்தார். "வெயில்ல வச்சா பாதரசம் மொளைக்குமாடா?"

சரக்கு எடுக்க வந்த பெண்கள் உள்ளே நுழைந்து, எங்களைப் பார்த்து, அப்படியே திரும்பிப் போனார்கள். மூன்று மணிக்கு அவனே வெள்ளை டப்பாக்களை அலமாரியிலிருந்து இறக்கினான். "தற்காலிகமாக இருப்பு இல்லை" என்று அட்டை எழுதி வைத்தான். பார்த்தாயா, அப்போதும் விஷம் என்று எழுதவில்லை, இருப்பு இல்லையாம்!

உன் அண்ணன் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு அங்கே வந்தார். என் முகத்தை அந்த வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். பதினோரு பேருக்கும் வாங்கிவந்தார், முதுகு வலியோடு இரண்டு மாடி ஏறி.

வாலுவைப் பற்றி இரண்டு வரி எழுது. வேறெதுவும் கேட்கவில்லை.

அண்ணி

---

ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு தேறிவருகிறாள். சிவப்பு அடங்கிவிட்டது, பழுப்பு மறைய ஒரு வருஷம் ஆகலாம் என்கிறார் டாக்டர். கல்லூரி திறந்ததும் முகத்தைச் சுற்றாமல் வகுப்புக்குப் போனாள். எவனோ ஏதோ கேட்டானாம். "கம்பெனி பேரு சொல்றேன், உங்க அம்மா வாங்கியிருக்காங்களான்னு போய்ப் பாரு" என்றாளாம். ரத்தத்தையும் சோதித்துவிட்டோம், பயமில்லை. நீங்களும் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள், பதினோரு பேரும். இது கெஞ்சல் இல்லை, உத்தரவு.

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் படித்துக் காட்டினேன். தையல்காரம்மாவின் கேள்விக்கு மூத்த வேதியியலாளர் நாற்காலியிலிருந்து விழாத குறை.

என் கோபம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். அந்த ஒன்பது டப்பாவை நினைத்தால் இப்போதும் கடிதத்தைப் பாதியில் நிறுத்தத் தோன்றுகிறது. ஆனால் ஒன்றை நானும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஊர்த் தண்ணீரில் என்ன விஷம் என்று பார்ப்பதே எனக்குப் பிழைப்பு. என் வீட்டுக்குள் வந்த டப்பாவை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணியைத் திட்டக் கடிதம் எழுதுவதில் மும்முரமாக இருந்தேன்.

இப்போது ஒரு சிக்கல். கம்பெனி சுகாதார அலுவலகத்துக்குப் பதில் கொடுத்துவிட்டது. எங்களுக்கு எதுவும் தெரியாது, இதற்கு முன் ஒரு புகார்கூட வந்ததில்லை, விற்பனைக்காரிகள் யாரோ போலிச் சரக்கைக் கலந்திருக்கிறார்கள், என்று. பழியை உங்கள் மேலேயே போடுகிறார்கள் அண்ணி! அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால், "அவங்களுக்கு முன்னாடியே தெரியும்னு உள்ள இருக்கிற ஒருத்தர் எழுத்துல குடுத்தாத்தான் நான் மேல போக முடியும்" என்கிறார். நீங்கள் எல்லோரும் கீழே இருந்தவர்கள். மேலே இருப்பவர்கள் யார் வாய் திறப்பார்கள்?

அண்ணனுக்கு என் அன்பு. இரண்டு மாடி ஏறியவருக்குக் கூடுதலாகவே சொல்லுங்கள்.

உங்கள்,
கடுகு

---

செப்டம்பர் 9

அன்புள்ள கடுகுக்கு,

ரத்தம் சோதித்தோம். இரண்டு பேருக்கு மட்டும் கொஞ்சம் அதிகம், மருந்து சாப்பிடுகிறார்கள். எனக்கு இல்லை. தையல்காரம்மா தைக்கிற யூனிபார்ம்களுக்கு இப்போது நான்தான் அலுவலகம் அலுவலகமாகப் போய் ஆர்டர் பிடிக்கிறேன். பேசுவதற்கு வந்த தைரியம் கம்பெனி கொடுத்ததுதான், மறுக்கவில்லை. அதை இனி அவர்கள் திருப்பிக் கேட்க முடியாது.

நேற்று மதியம் மூன்று மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மேடம்.

முழு அலங்காரம், பெரிய கறுப்புக் கண்ணாடி, கழுத்துவரை மூடிய உடை. தனியாக வந்திருந்தார். சமாதானம் பேசக் கம்பெனி அனுப்பியிருக்கிறது என்று நினைத்து என் கை கதவைச் சாத்தத்தான் போனது.

"உங்களுக்குப் பாக்குற டாக்டர் அட்ரஸ் வேணும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். இமை இரண்டும் வீங்கியிருந்தன. அத்தனை பவுடருக்கும் அடியில் மூக்கின் இரு பக்கமும் கருத்துக்கிடந்தது. எங்கள் யாரையும்விட மோசம். நாங்கள் மாதக்கணக்கில் போட்டதை அவர் வருஷக்கணக்கில் போட்டிருக்கிறார்.

எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. ஆத்திரம்தான் வந்தது. "வெயில்ல அலஞ்சீங்களா?" என்று கேட்டேன். "சாப்பாட்டுல எண்ணெய் ஜாஸ்தியா?"

அவர் வாசலில் நின்றபடியே அழுதார். "எனக்கு மேல இருக்கறவங்க எங்கிட்ட சொன்னதத்தான் நான் உங்ககிட்ட சொன்னேன்" என்றார்.

"நீங்க சொன்னத நான் ஒன்பது பேர்கிட்ட சொல்லி வித்தேன். அதுக்காக அவங்க வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கிட்டு வந்தேன். நீங்க எத்தன வீட்டுக்குப் போனீங்க?"

உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்தேன்.

"இதுக்கு முன்னாடி புகார் வந்துச்சா?"

தலையாட்டினார்.

"எப்ப?"

"போன வருஷம். நாலு. நான்தான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். 'எரிஞ்சா வேலை செய்யுதுன்னு சொல்லுங்க'ன்னு அங்கேர்ந்துதான் பதில் வந்துச்சு. அந்தக் கடுதாசி எங்கிட்ட இருக்கு."

"எழுதுங்க."

"எழுதினா என் வேலை போயிடும்."

"ஆமா."

பேனா மூடியைக் கழற்றினார். "பேரு போடணுமா?" என்றார்.

"பேரும் போடணும், பதவியும் போடணும்."

ஒரு மணி நேரம் எழுதினார். நடுவில் இரண்டு முறை பேனாவை வைத்தார், இரண்டு முறையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். டாக்டர் முகவரியை எழுதி என் உள்ளங்கையில் மடித்து வைத்திருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அதைக் கொடுக்கவில்லை. ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

அவர் எழுதியதும், இன்று காலை அவர் கொண்டுவந்து கொடுத்த தலைமை அலுவலகத்தின் கடிதமும் இந்த உறையில் இருக்கின்றன. நகல் எடுத்துவைத்துக்கொண்டேன். இது கிடைத்ததும் முதல் வேலையாக அந்த அதிகாரியின் மேஜையில் கொண்டுபோய் வை. அவர் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திரு, எழுந்துவிடாதே.

அண்ணி